எதெல் கொண்டுபோனவை

விடியுமுன்பே மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். வாவியின் மேல் இருட்டு இன்னும் கிடந்தது. தோணிகளில் இருந்தவர்களின் விளக்குகள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அசைந்துகொண்டிருந்தன. என் பைக்குள் ஒரு மாற்றுடுப்பு, அடையாள அட்டை, நொத்தாரிசு எழுதித் தந்த ஒரு துண்டுக் கடதாசி. அந்தக் கடதாசியில் ஒரு வழக்கு இலக்கம் இருந்தது. அதன் கீழே, விவாகரத்துத் தீர்ப்பின் அத்தாட்சிப் பிரதி வேண்டும் என்று எழுதியிருந்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு கண்டிக்குப் போகிறேன்.

செங்கலடியில் கடற்கரை வீதியை விட்டுப் பிரிந்து பஸ் மேற்கே திரும்பியது. கரடியனாறு, மகா ஓயா என்று ஊர்கள் பின்னால் போயின. வயல், குளம், பற்றைக்காடு, பிறகு மறுபடியும் வயல். மகியங்கனை வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து மேற்கே பார்த்தால் மலைச்சுவர் எழுந்து நிற்கும். அந்தச் சுவரில் ஏறுகிற வீதிக்குத்தான் பதினெட்டு வளைவு என்று பெயர். வீதியை அகலமாக்கிய பிறகு வளைவு ஒன்று குறைந்துவிட்டது என்கிறார்கள். பெயர் மட்டும் குறையவில்லை. ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்துத் திறந்தது. ஹுன்னஸ்கிரியவைத் தாண்டியதும் ஜன்னலால் வந்த காற்று குளிர்ந்தது. அந்தக் குளிரை என் உடம்பு முதலில் அடையாளம் கண்டுகொண்டது. தோள் தானாகவே சுருங்கியது.

கண்டியில் பன்னிரண்டு வருடம் இருந்தேன். நான் யாழ்ப்பாணத்துப் பெண். அவரும் யாழ்ப்பாணம்தான், உத்தியோகம் கண்டியில். கட்டுக்கலையில் வாடகை வீடு. அடி, உதை, குடி என்று சொல்வதற்கு எதுவும் இல்லை. அந்த வீட்டில் பேச்சு இல்லை, அவ்வளவுதான். ஒரு சின்ன விசயத்தில் முகம் சுளித்தாரென்றால் பிறகு வாரக்கணக்கில் வாய் திறக்க மாட்டார். ஒருமுறை நாலு மாதம். சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு நான் தள்ளிப் போனால்தான் வந்து சாப்பிடுவார். ஊருக்குப் போய்ச் சொன்னபோது அம்மா கேட்டா, "அடிக்கிறாரா?" இல்லை என்றேன். "அப்ப என்ன?" என்றா.

அந்த "அப்ப என்ன?" என்ற கேள்விக்கு இலங்கையின் பொதுச் சட்டத்திலும் பதில் கிடையாது. 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும். விவாகரத்துக்கு அது ஏற்கும் காரணங்கள் மூன்றே மூன்று: திருமணத்துக்குப் பின் பிறருறவு, தீய நோக்கோடு கைவிட்டுச் செல்லுதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. சந்தோசமில்லை என்பது காரணமல்ல. இருவரும் சேர்ந்து போய் "எங்களால் முடியவில்லை" என்று சொன்னாலும் காரணமல்ல. யாராவது ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும். அதனால் நாடெங்கும் நடக்கிறது இதுதான்: ஒருவர் வழக்குப் போடுவார், மற்றவர் எதிர்வாதம் செய்யாமல் பழியை ஏற்றுக்கொள்வார். எங்கள் வழக்கில் பழியை ஏற்றவள் நான். வீட்டை விட்டு வெளியே போனது நானல்லவா?

குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கினேன். ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் இடையில் அதே நெரிசல், அதே அவித்த சோள வாசம். அலுவலக வேலை அரை மணியில் முடிந்தது. முத்திரைக் கட்டணம் கட்டினேன், கையெழுத்து வைத்தேன், பிரதி கைக்கு வந்தது. வெளியே வந்து ஒரு மதிலோரம் நின்று வாசித்தேன். பிரதிவாதி தீய நோக்கோடு வாதியைக் கைவிட்டுச் சென்றார். பிரதிவாதி என்பது நான். நாலு மாதம் பேசாமல் இருந்தவர் வாதி.

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. அந்தக் கடதாசியால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்று இருந்தது. வடக்கில் அம்மா சீதனமாக எழுதித் தந்த ஒன்றரைப் பரப்புக் காணி இருக்கிறது. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரில் உள்ள காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் கட்டளைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. உறுதியில் என் பெயர், பூட்டின் சாவி அவர் கையில். இந்தப் பிரதி கிடைத்தால் இனி நான் தனியாகக் கையெழுத்து வைக்கலாம். நூறு வருடத்துக்கு மேலான சட்டங்கள் இரண்டு. ஒன்று என்னைக் கைவிட்டவள் ஆக்கியது, அந்தப் பட்டத்தைக் காட்டித்தான் மற்றதிலிருந்து வெளியே வர முடிந்தது.

வாவிக்கரை வீதியில் நடந்தேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1812ஐ ஒட்டி வயல்நிலத்தில் அணை கட்டித் தேக்கிய நீர் அது. மூன்று வருடத்தில் அவனுடைய இராச்சியம் போனது, குளம் இருக்கிறது. அன்றைய நாட்களில் பேச்சில்லாத வீட்டிலிருந்து வந்து இந்தக் கரையைச் சுற்றுவேன். ஒரு சுற்று மூன்று கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. சில நாட்களில் இரண்டு சுற்று.

எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம் இருந்தது. கண்டிச் சிங்களவர். அந்த வீட்டு அக்காதான் எனக்குச் சிங்களம் சொல்லித் தந்தவர். சொல்லித் தந்தார் என்பதுகூடச் சரியில்லை. வீட்டுக்குள் பேச ஆளில்லாத ஒருத்தி மதிலோரம் வந்து நின்றாள், அவர் பேசினார். துணி காயப்போட்டுக்கொண்டே, தேங்காய் துருவிக்கொண்டே பேசினார். "நங்கி" என்று கூப்பிடுவார். நான் "அக்கே" என்பேன். முதல் வருடம் சொற்கள் வந்தன. மூன்றாம் வருடம் கனவே சிங்களத்தில் வந்தது. பிறகு பரீட்சை எழுதினேன், சித்தியடைந்தேன். இன்று மட்டக்களப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிப்பிக்கிறேன். என் வாடகையும் சோறும் அந்த மதிலோரத்திலிருந்து வருகின்றன.

அந்த அக்காவின் தங்கை ஒருத்தி விவாகரத்துப் பெற்றது எனக்கு நினைவிருக்கிறது. நீதிமன்றம் இல்லை, சட்டத்தரணி இல்லை. இருவரும் மாவட்டப் பதிவாளரிடம் போனார்கள், எழுதிக் கொடுத்தார்கள், முடிந்தது. அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. பிறகு தேடிப் படித்தேன். 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கக் கண்டிய விவாக விவாகரத்துச் சட்டம். அதில் பரஸ்பர சம்மதம் ஒரு காரணம். இருவரும் சேர்ந்து சந்தோசமாக வாழ இயலாமை இன்னொரு காரணம். ஒரு வருடம் பிரிந்திருந்தால் அதற்கு அதுவே சான்று. எல்லாம் நியாயம் என்று சொல்லமாட்டேன். மனைவி பிறரோடு போனால் அது மட்டுமே போதும், கணவன் போனால் அதோடு கொடுமையோ முறைகெட்ட உறவோ சேர வேண்டும் என்ற பழைய ஓரவஞ்சனை அதற்குள்ளும் இருக்கிறது. என்றாலும் "சந்தோசமாக வாழ இயலாமை" என்ற சொல்லை ஒரு சட்டப் புத்தகத்தில் கண்டபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் அது காரணம். மதிலுக்கு இந்தப் பக்கத்தில் "அப்ப என்ன?"

இது திடீரென்று வந்த சட்டமும் இல்லை. 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது வருடம் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், தொப்பி பின்னி விற்று வயிறு வளர்த்தவர், 1681இல் வெளிவந்த தன் நூலில் இங்கே ஆணும் பெண்ணும் ஒத்துவராவிட்டால் எளிதாகப் பிரிந்துவிடுவதை வியப்போடு எழுதியிருக்கிறார். பின்ன, தீக என்று இரண்டு வகைக் கலியாணம் இருந்தது. தீகத்தில் பெண் கணவன் வீட்டுக்குப் போவாள். பின்னவில் ஆண் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். பின்னவில் வந்த மாப்பிள்ளை ஒரு ஊன்றுகோல், ஒரு தீப்பந்தம், ஒரு தாளிப்பனை ஓலைக்குடை மூன்றையும் வாசலில் எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பார்கள். மழையோ இருட்டோ, போகச் சொன்னால் போக வேண்டும், வீடு பெண்ணுடையது.

மட்டக்களப்பில் நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவ ஆச்சரியப்படவில்லை. "இது எண்ட அம்மா எனக்குத் தந்த வீடு புள்ள. அவர் வந்து சேர்ந்தவர்தானே" என்றா. அங்கே வீடு தாயிடமிருந்து மகளுக்குப் போகும். முக்குவர் வழமை என்று சட்டப் புத்தகங்கள் சொல்வது வழக்கொழிந்து வெகுகாலமாகிவிட்டாலும் அந்தப் பழக்கம் மண்ணில் இருக்கிறது. ஒரு பெண் தனியாக வந்து வாடகைக்கு வீடு கேட்டபோது அந்த ஊர் என்னிடம் "புருசன் எங்க?" என்று கேட்ட பிறகும் கதவைத் திறந்தது. அது இதனால்தானோ என்று நினைப்பதுண்டு.

எதெல் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை நான் ஒரு சாயப் பானைக்குள் கண்டுபிடித்தேன்.

கல்லடிக்கு வந்த இரண்டாம் வருடம், மருதமுனையில் தறி வைத்திருக்கும் ஒரு தோழிக்காக நூலுக்கு இயற்கைச் சாயம் போட்டுப் பார்க்கத் தொடங்கினேன். பாடசாலை விட்டபின் கடற்கரை வீட்டில் நேரம் கிடந்தது. முறை தேடியபோது குட்டன்பர்க் மின்னூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. தாவரச் சாயங்கள் பற்றியது, 1916இல் வந்தது, எழுதியவர் எதெல் மெய்ரே. கம்பளி, பட்டு, பருத்தி ஒவ்வொன்றுக்கும் என்ன படிகாரம், எவ்வளவு, எந்தச் செடி, பாறையில் படரும் எந்தக் கற்பாசி என்று சமையற்குறிப்புப் போல எழுதியிருந்தார். சாயம் தானாக நூலில் நிற்காது, பிடித்துவைக்க ஒன்று வேண்டும் என்பதை அவர் விளக்கியிருந்த விதம் எனக்குப் பிடித்தது. யார் இந்த அம்மா என்று பார்க்கப் போனேன். பார்த்தால், ஆனந்த குமாரசுவாமியின் முதல் மனைவி.

ஆனந்த குமாரசுவாமி என்றால் எங்கள் வீட்டில் ஒரு மரியாதை. மானிப்பாய் வேர், சேர் முத்து குமாரசுவாமியின் மகன், சிவதாண்டவத்தை மேலைநாட்டுக்கு விளக்கியவர். அப்பா அவரைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து உட்காருவார். அவர் ஒரு மனைவியோடு கண்டியில் இருந்தார் என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. அப்பாவுக்கே தெரிந்திருக்காது.

எதெல் மேரி பார்ட்ரிட்ஜ் 1872இல் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பார்ன்ஸ்டபிள் ஊரில் பிறந்தவர். தந்தை மருந்துக்கடை வைத்திருந்தவர். மகள் பியானோ படித்தார். 1902இல் தன்னைவிட ஐந்து வயது இளையவரான குமாரசுவாமியைக் கலியாணம் செய்து, அடுத்த வருடம் அவரோடு இலங்கைக்கு வந்தார். கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளர் குமாரசுவாமி. கல்லைத் தேடி மலைநாடு முழுவதும் வண்டியும் கூடாரமுமாக அலைந்தார்கள். கல்லைத் தேடிப் போன இடத்தில் கைகளைக் கண்டார்கள்: பித்தளை வார்ப்பவர், மரம் செதுக்குபவர், அரக்குச் சாயம் பூசுபவர், பாய் நெய்பவர், துணி நெய்பவர். குமாரசுவாமி கேட்டார், எழுதினார். எதெல் படம் பிடித்தார், நாட்குறிப்பு எழுதினார், துணிகளைச் சேர்த்தார், பழைய சிங்களப் பூத்தையலைத் தானே ஆராய்ந்து கட்டுரை எழுதினார். 1907 தொடக்கத்தில் இருவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். 1908இல் வெளிவந்த "மத்தியகாலச் சிங்களக் கலை" என்ற பெரிய நூல் அந்த நாலு வருட அலைச்சலின் விளைச்சல். வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியில், கையால், 425 பிரதிகள். அட்டையில் ஒரு பெயர்.

அந்த நூலில் உள்ள படங்கள் பலவும் எதெல் எடுத்தவை. கண்டியின் கைவினைஞர்களை நாம் இன்று எந்தக் கண்ணால் பார்க்கிறோமோ அது ஒரு பங்கு எதெலின் கண். இதை அப்பாவிடம் சொல்ல எனக்கு ஆசை. அவர் இப்போது இல்லை.

சில வருடத்தில் கலியாணம் உடைந்தது. குமாரசுவாமியின் மனம் அலிஸ் ரிச்சர்ட்சன் என்ற பாடகியிடம் போயிருந்தது; பின்னாளில் ரத்தன் தேவி என்ற பெயரில் இந்திய இசை பாடியவர் அவர். குமாரசுவாமியைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, அவர் எழுதியவை எனக்கும் சொத்து. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எதெல் ஓரிரு வரியில் முடிந்துபோவதை இனி அப்படியே விட்டுவிட்டுப் போக எனக்கு இயலாது. அன்றைய இங்கிலாந்துச் சட்டமும் ஒரு பெண்ணுக்கு எளிதாக இருக்கவில்லை. 1857ஆம் ஆண்டின் சட்டப்படி கணவனுக்கு மனைவியின் பிறருறவு ஒன்றே போதும். மனைவிக்கு அதோடு கொடுமை, கைவிடல் என்று இன்னொன்றும் காட்ட வேண்டும். 1923 வரை அப்படித்தான். உலகத்தையே திருத்த வந்த அரசின் பெண் ஒருத்திக்கு, அவர் கூடாரம் போட்டிருந்த கண்டி மலைநாட்டின் பெண்ணுக்கு இருந்த வழி இல்லை. எதெல் கண்டியை விட்டுப் போன சில மாதத்தில் லெனாட் வுல்ஃப் என்ற இளம் ஆங்கில அதிகாரி கண்டிக் கச்சேரிக்கு வந்தார். கண்டிய விவாகரத்து விண்ணப்பங்களை விசாரிப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. மலைநாட்டுப் பெண்கள் அவருடைய மேசைக்கு முன் வந்து, இவரோடு எனக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எதெல் தான் பிறந்த ஊர்ப்பக்கம் போனார், கடற்கரைக்கு. சோண்டன் என்ற இடம். பார்ன்ஸ்டபிளுக்குப் பக்கத்தில், அத்திலாந்திக்கைப் பார்த்தபடி மைல்கணக்கில் நீண்டு கிடக்கும் மணல், பின்னால் மணற்குன்றுகள். அங்கே ஒரு வீடு கட்டினார். அந்த வீட்டுக்குள் தறிக்கு ஓர் அறை, சாயத்துக்கு ஓர் அறை. வயது நாற்பதை நெருங்கியிருந்தது. பார்த்துப் பார்த்து நெஞ்சில் ஏற்றிய தறி அங்கே அவர் கைக்கு வந்தது.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். வீடு கட்டும்போது இரண்டு அறைக்கு இடம் விட்டாரே, அது எந்த நம்பிக்கையில்? கணவனின் ஆராய்ச்சிக்குப் போன நாடு அது. கணவனின் நூலுக்குக் கண்ட கைகள் அவை. பெரும்பாலான மனிதர் கலியாணம் உடைந்தால் அந்த வருடங்களையே வெட்டி எறியச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள். பன்னிரண்டு வருடம் வீணாப் போச்சே என்று ஒரு சித்தி அழுதா. எதெல் அந்த வருடங்களைப் பெட்டியோடு கடற்கரைக்கு எடுத்துப் போனார்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1913இல் பிலிப் மெய்ரேயைக் கலியாணம் செய்தார். 1916இல் சசெக்ஸில் டிட்ச்லிங் ஊருக்குப் போனார். அங்கே "கொஸ்பெல்ஸ்" என்று பெயர் வைத்த நெசவுக்கூடம் கட்டினார், இளம் பெண்களைச் சேர்த்துப் பழக்கினார். இங்கிலாந்தில் கைத்தறி மீண்டும் உயிர்த்த கதையை எழுதுபவர்கள் அந்தக் கூடத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். 1930களின் கடைசியில் அந்த நாட்டின் "தொழிற்துறைக்கான அரச வடிவமைப்பாளர்" பட்டம் பெற்ற முதல் பெண் அவர். எண்பது வயதில், 1952இல் இறந்தார். கண்டிய விவாக விவாகரத்துச் சட்டம் வந்த அதே வருடம்.

அடுத்த நாள் காலை தலதா மாளிகைக்குப் பக்கத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போனேன். பழைய அரண்மனையில் அரசியர் இருந்த பல்லே வாசல் கட்டிடம். கண்டிக் காலத்து நகை, ஆயுதம், துணி. பன்னிரண்டு வருடம் இந்த ஊரில் இருந்தும் ஒருநாளும் உள்ளே போனதில்லை. துணிகளுக்கு முன் நின்றபோது என்னை நிறுத்தியது அவற்றின் சிங்களப் பெயர்கள். சோமன. துப்பொட்டிய. எங்கள் சோமனும் துப்பட்டியும்தான். கடல் தாண்டி, மலை ஏறி, இங்கே அரண்மனை உடுப்பாகியிருக்கின்றன.

திரும்பும்போது நேரே ஊருக்குப் போகவில்லை. திகனைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, தும்பறைப் பள்ளத்தாக்கில் பாய் நெய்யும் ஊர் ஒன்றில் இறங்கினேன். தும்பறைப் பாய் ஹண என்னும் கற்றாழை நாரில் நெய்வது. மடலைக் கீறி, சதையைச் சுரண்டி எடுத்தால் வெள்ளை நார் வரும். அதைத் தொடையில் வைத்துத் திரிப்பார்கள். சிவப்புக்குப் பதங்கி மரச் செதில், மஞ்சளுக்கு வெனிவெல் என்னும் மரமஞ்சள் கொடி, கறுப்புக்குக் கடுக்காயும் சேறும். கடைக்காகச் செய்வதில் இப்போது இரசாயனச் சாயமும் கலந்துவிட்டது. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள். ஒரு முதியவர் பதங்கிக் கட்டை ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த செம்மஞ்சளைக் காட்டினார். ஒரு கைப்பிடிச் செதில் காசில்லாமல் தந்தார். நான் வற்புறுத்திக் காசு கொடுத்தேன்.

அங்கிருந்து உடுதும்பறைப் பக்கம் தலகுனை. குமாரசுவாமியின் நூலில் வரும் நெசவு ஊர். நொக்ஸ் காலத்திலேயே இந்தப் பக்கத்துச் சேனைகளில் பருத்தி விளைந்தது, பெண்கள் நூற்றார்கள். வெளிநாட்டுத் துணி மலிந்து வந்தபோது மலைநாட்டின் மற்றத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இங்கே நிற்கவில்லை. ஊருக்குப் போகும் பாதை ஏற்றமும் இறக்கமுமாக இருந்தது. ஓட்டோக்காரத் தம்பி பாதி வழியில் இறக்கிவிட்டு, "இதுக்கு மேல நடந்தால்தான்" என்றான்.

ஒரு வீட்டு முன்திண்ணையில் தறி. ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஒரு பெண், காலால் மிதித்தபடி, கையால் ஊடைநூலைப் பொறுக்கிப் பொறுக்கி அன்னப்பறவை ஒன்றை ஏற்றிக்கொண்டிருந்தார். நான் "அக்கே" என்று கூப்பிட்டதும் தறி நின்றது. என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நங்கி எந்த ஊர்? நுவரப் பேச்சு மாதிரி இருக்கே" என்றார். நுவர என்றால் கண்டி. தமிழ், யாழ்ப்பாணம், இப்போது மட்டக்களப்பு என்றேன். கண்டியில் பன்னிரண்டு வருடம் இருந்தேன் என்றும் சொன்னேன். ஏன் போனாய் என்று கேட்டார். சொன்னேன். ஏழு வருடத்தில் முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் இரண்டு பாவுநூலை விரலால் விலக்கிப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "இந்த நூல் அறுந்தால் அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுத்தான் நெய்ய வேணும், முதலில் இருந்து தொடங்க ஏலாது. நெய்தது நெய்ததுதானே" என்று தன் வேலையைப் பற்றிச் சொன்னார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்ப் பிளேன் ரீ கொண்டுவந்தார்.

கைப்பேசியில் இருந்த எதெலின் படத்தைக் காட்டினேன். முதுமைக் காலத்துப் படம், தறிக்குப் பக்கத்தில். யார் என்று கேட்டார். நூறு வருடத்துக்கு முன்பு இந்தப் பக்கத்துத் தறிகளைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்கார அம்மா, பிறகு தன் நாட்டில் கடற்கரையில் போய் நெய்தார் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. தறியைப் பார்த்தார். "மிதிகட்டை வேறமாதிரி" என்றார்.

பதங்கிச் செதிலை எடுத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார். எந்தத் தண்ணீரில் அவிப்பாய் என்றார். கிணற்றுத் தண்ணீர், கடலுக்குக் கிட்ட, கொஞ்சம் உவர் என்றேன். "அப்ப நிறம் மாறும்" என்றார். எப்படி மாறும் என்று அவருக்கும் தெரியாது, அவர் கடல் தண்ணீர்ப் பக்கம் சாயம் போட்டதில்லை. ஒரு சிறு கழி வெள்ளை நூலை எடுத்து என் கையில் வைத்தார். "நனைத்துப் பார். ஒரு துண்டு எனக்கு அனுப்பு, நங்கி."

மாலை பஸ் பதினெட்டு வளைவில் இறங்கியது. மேற்கே வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டது. கீழே மகாவலிச் சமவெளி முழுவதும் நிழலாகக் கிடந்தது. கண்டியைச் சுற்றிக்கொண்டு வரும் அந்த ஆறு இங்கே மலையை விட்டு இறங்கி வடக்கே திரும்பி, மொத்தம் 335 கிலோமீற்றர் ஓடி முடித்து, நொக்ஸ் பிடிபட்ட அதே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்றில் சூடு ஏறியது. மகியங்கனையில் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

நான் இருக்கும் கடற்கரை அமைதியான கடற்கரை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையையும் பக்கத்து நாவலடியையும் கடல் வாரிக்கொண்டு போனது. எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பிறகு கட்டாத வீடே குறைவு. வீட்டுக்கார அம்மாவும் அடித்தளத்திலிருந்து மறுபடி கட்டியவ. நான் வந்த முதல் மாதம், இரவில் அலைச்சத்தத்தில் நித்திரை வராமல் முற்றத்தில் நின்றபோது அவ வந்து பக்கத்தில் நின்றா. "பயமா புள்ள?" என்று கேட்டா. பயமில்லை, சத்தம் பழகவில்லை என்றேன். உண்மையில் எனக்குப் பழகாமல் இருந்தது அலைச்சத்தம் அல்ல, பக்கத்தில் வந்து நின்று ஒருவர் பேசுவது.

ஞாயிற்றுக்கிழமை பதங்கிச் செதிலை ஒரு இரவு ஊறவைத்து அவித்தேன். மலையில் அந்த முதியவர் காட்டிய கட்டை செம்மஞ்சள். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அது கொதிக்கக் கொதிக்கச் சிவந்து, சிவப்பையும் தாண்டி மாதுளம்பழத் தோலுக்குள் இருக்கும் அந்த ஊதாச் சிவப்புக்குப் போனது. படிகாரத்தில் நனைத்து வைத்திருந்த நூற்கழியை இறக்கினேன். வீட்டுக்கார அம்மா அடுப்படிக்கு வந்து எட்டிப் பார்த்து, "கறியா?" என்றா. நூல் என்றதும் அகப்பையை வாங்கித் தானும் ஒருதரம் கிளறினா.

நிழலில் இரண்டு நாள் காய்ந்த பிறகு ஒரு முழம் வெட்டி, வெள்ளைக் கடதாசியில் சுற்றி, கடித உறைக்குள் வைத்தேன். மேலே சிங்களத்தில் விலாசம் எழுதினேன். தலகுனை, உடுதும்பறை, நுவர. மதிலோரம் கற்ற எழுத்து, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் சாயும். பாடசாலைக்குப் போகும் வழியில் கல்லடித் தபாலகத்தில் சேர்த்துவிட்டேன்.